அவள் வாளைக் கீழே போட்ட வெள்ளிக்கிழமை

இரண்டு வருடம் ஒரு சீரியலைப் பார்த்துவிட்டு, அதன் கடைசி நாளில் எழுந்துபோய் வாயைக் கொப்பளித்தவள் நான். பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே புறவாசலுக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு, கொப்பளித்துத் துப்பினேன். கோவில்பட்டியில் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருவது எட்டு நாளைக்கோ பத்து நாளைக்கோ ஒருமுறை. அதில் ஒரு சொம்பை அந்தப் பாழாய்ப்போன ராஜாவுக்காகக் கொட்டினேன் என்றால் எனக்கு எவ்வளவு அருவருப்பாக இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கதை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஏரி. அதன் அடியில் அரண்மனை கட்டி வாழ்கிற ஒருத்தி. கரையில் இருக்கிற ராஜகுமாரன் ஒருவனை நம்பி, தாலி கட்டிக்கொண்டு மேலே வருகிறாள். அவன் சிம்மாசனத்துக்கு ஆசைப்பட்டு, அவளையே ஓர் அரக்கனுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிடுகிறான். அரக்கன் அவளைக் கல்லாக்கி மலையுச்சியில் நிறுத்திவிடுகிறான். முதல் பாகம் அதோடு முடிந்தது. இரண்டாம் பாகத்தில் கல் பிளந்து எழுந்து வந்தாள். கையில் தண்ணீரால் ஆன வாள். கையை அசைத்தால் வற்றிய கிணறு பொங்கும், முறைத்துப் பார்த்தால் கோட்டைச் சுவர் விரிசல் விடும். வேறு மொழியில் எடுத்துத் தமிழில் குரல் கொடுத்த சீரியல். வாய் மூடிய பிறகும் வசனம் ஓடிக்கொண்டிருக்கும். அதையெல்லாம் நாங்கள் பொருட்படுத்தியதில்லை. மழைக்காக வானத்தைப் பார்த்துக் கிடக்கிற கரிசல்காட்டில், கையை அசைத்துத் தண்ணீர் கொண்டுவருகிற ஒருத்தியை யாருக்குத்தான் பிடிக்காது. நாங்கள் அவளை ஏரிக்காரி என்போம்.

இரண்டு வருடமும் நாங்கள் காத்திருந்தது ஒரே ஒரு காட்சிக்கு. அவள் அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். ஏன் என்னைக் கொடுத்தாய் என்று கேட்க வேண்டும். அதற்குப் பிறகு அவனை வெட்டினாலும் சரி, விட்டாலும் சரி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த முடிவு வந்தது. ஏரிக்காரி கோட்டைக் கதவை உடைத்து உள்ளே போனாள். வாளை அவன் தொண்டைக்குழியில் வைத்தாள். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அவன் மண்டியிட்டான். இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு, வலது கண்ணிலிருந்து ஒரு சொட்டு, அளந்து விட்டதுபோல் விழுந்தது. உடனே அவள் கழுத்துத் தாலி மின்ன ஆரம்பித்தது. கல்யாணக் காட்சியை ஐந்து நிமிடம் மறுபடி ஓட்டினார்கள். வாள் கை நழுவிக் கீழே விழுந்தது. 'என் பலமெல்லாம் உங்களுக்கே' என்று கும்பிட்டு, இருந்த சக்தி முழுவதையும் அவன் நெஞ்சுக்குள் ஊதிவிட்டாள். அவன் எழுந்துபோய் அரக்கனைக் கொன்றான். ஊர் அவன்மேல் பூப்போட்டது. இவள் சிம்மாசனத்துக்குக் கீழே மூன்றாவது படியில் முக்காடு போட்டு உட்கார்ந்து சிரித்தாள். மூன்றாம் பாகம் விரைவில் என்று எழுத்து வந்தது.

கொப்பளித்துவிட்டு வந்த என்னை என் வீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். மணியாச்சி ஸ்டேஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டி நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போனால் போதும், உள்ளே யார் அழுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை.

"இப்ப என்ன கொறஞ்சு போச்சு? குடும்பம் ஒண்ணு சேந்துட்டுல்லா. ஒனக்கு ரத்தம் பாக்கணும்" என்றார்.

"ரத்தம் ஒண்ணும் பாக்க வேண்டாம். அந்தச் சவத்துப்பயலப் பாத்து அவ ஒரு வார்த்த கேக்கணும்லா. அதக்கூடக் கேக்கல பாத்தீயளா."

"கேட்டா கத முடிஞ்சிரும். மூணாம் பாகம் எடுக்கணும்லா" என்று சொல்லிவிட்டுச் செய்திச் சேனலுக்குத் திருப்பினார்.

அவர் சொன்னது சரிதான். அதுதான் எனக்கு இன்னும் குமட்டியது. போனை எடுத்துப் பார்த்தேன். அந்தக் காட்சியை அதற்குள் யாரோ வெட்டிப் போட்டிருக்க, கீழே ஊர் உலகமே காறித் துப்பிக்கொண்டிருந்தது. இதற்கா இரண்டு வருடம் பார்த்தோம் என்று ஒருவர். எழுதியவன் வீட்டில் பொம்பளைகளே கிடையாதா என்று ஒருவர். வெளிநாட்டில் வேலை பார்க்கிற ஒரு பெண், இதைப் பார்ப்பதற்காகவே ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தேன், என் தலையெழுத்து என்று எழுதியிருந்தாள். நடுவில் ஒரு மகராசி, 'குடும்பப் பாங்கான முடிவு, அழுதுவிட்டேன்' என்று இரண்டு கைகூப்புப் படங்களோடு போட்டிருந்தாள். அவளுக்கு நான் பதில் எழுதினேன். என்ன எழுதினேன் என்று இங்கே சொல்ல மாட்டேன். அச்சில் ஏறுகிற வார்த்தைகள் அல்ல.

அவ்வளவு கொதித்ததற்குச் சீரியல் மட்டும் காரணம் இல்லை. வேறொன்றும் இருந்தது.

நான் ஒரு தீப்பெட்டி ஆபீசில் சூப்பர்வைசர். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். என் பொறுப்பில் இருப்பது பண்டல் கட்டுகிற கொட்டகை. நிறைந்த பெட்டிகளைப் பத்துப் பத்தாக அடுக்கி, தாள் சுற்றி, பசை தடவி ஒட்டுகிற வேலை. தீக்குச்சி மருந்து புழங்குகிற இடம் என்பதால் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பாட்டும் கிடையாது, படமும் கிடையாது. அதனால் முந்தின நாள் சீரியல் கதையை யாராவது வாயால் சொல்ல வேண்டும். கை ஒட்டிக்கொண்டிருக்கும், காது கதையில் இருக்கும். சொல்கிறவள் நான். சும்மா சொல்ல மாட்டேன். இரண்டு புத்திமதி சேர்த்துத்தான் சொல்வேன். முதல் பாகத்திலிருந்தே இது என் பழக்கம்.

அந்தப் புத்திமதியெல்லாம் யார் தலையில் போய் இறங்கியதென்றால், ஒரு பெண்ணின் தலையில். தகப்பன் இல்லாத பிள்ளை. அவள் அம்மாவும் எங்கள் கொட்டகையில்தான் வேலை பார்க்கிறாள். கல்யாணத்துக்கு முன்பே அம்மாவோடு வேலைக்கு வந்தவள் என்பதால் அப்போதிருந்தே என்னை அத்தை என்று கூப்பிடுவாள். புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கிற ஒரு யூனிட்டின் கட்டிங் மாஸ்டருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பையோடு திரும்பி வந்துவிட்டாள். இடது கையில் முழங்கைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்த தழும்பு. தெரியாமல் பட்டுவிட்டது என்றுதான் முதலில் சொன்னாள். ஒரு மாதம் கழித்து, சட்டைக் காலரை மடிப்புத் தப்பித் தேய்த்ததற்காக அவன் பெட்டியைப் பிடுங்கி வைத்தது என்று சொன்னாள். சொல்லும்போது அவள் கை தாளைச் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

கேட்டவுடன் நான் என்ன செய்திருக்க வேண்டும்? நான் ஏரிக்காரியைக் கொண்டுவந்தேன். "பாருட்டி, கல்லாக்கிப் போட்டான், அதையும் பொறுத்துக்கிட்டுத்தான் அவ எந்திரிச்சு வந்தா. நீ பொறுமையா இரு. கடைசி நாள் அவன் மூஞ்சி எப்படி ஆகுதுன்னு மட்டும் பாரு" என்று மாதக்கணக்கில் ஓதினேன். அவளும் கேட்டாள். சாயங்காலம் வீட்டில் தையல் மிஷினில் உட்கார்ந்துவிடுவதால் அவள் சீரியல் பார்ப்பதில்லை. கதை முழுவதும் என் வாயால் கேட்டதுதான். கடைசி நாளை மட்டும் நீயே உட்கார்ந்து பார் என்று நான்தான் சொன்னேன்.

முடிவுக்கு ஒரு வாரம் முன்னால், மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட வருகிறோம் என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். அம்மாக்காரி கொட்டகையில் அழுதுகொண்டே எல்லோரையும் கேட்டாள். சின்னவளுக்கு வரன் வந்துகொண்டிருக்கிறது, மூத்தவள் வீட்டில் இருந்தால் எவன் வருவான் என்று அவளுக்குப் பயம். கொட்டகை முழுவதும் ஒரே குரலில் போ என்றது. ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகிவிடுவான் என்றார்கள். ஆம்பளைக்குக் கை நீளத்தான் செய்யும் என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பெரிய மனுஷியாக வந்து உட்காருவதாக வாக்கும் கொடுத்தேன். நடப்பது நடக்கட்டும், கொஞ்சம் அனுசரித்துப் போகட்டும் என்றுதான் அப்போது என் மனதில் இருந்தது.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். அன்று யாருக்கும் நான் கதை சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. எல்லோரும் பார்த்திருந்தார்கள். வேலைக்கு ஆள் ஏற்றி வருகிற வேன் வந்து நிற்பதற்குள்ளேயே சத்தம் கேட்டது.

"வெளக்குமாறு பிய்யுத மட்டும் போட்டிருக்கணும் எக்கா" என்றாள் ஒருத்தி.

"அழுதானாம். அந்த நீலிக்கண்ணீரப் பாத்து இவ உருகுதா, கூறுகெட்டவ" என்றாள் இன்னொருத்தி.

"நான் பாதியிலயே அணைச்சிட்டு வெளிய வந்து நின்னேன். எம் மாமியாகூட, ச்சீ, இவள்லாம் ஒரு பொம்பளையான்னுட்டாவ."

அன்று ஒட்டிய பண்டல்களில் பாதி கோணல். கோபத்தில் தாளைத் தலைகீழாகச் சுற்றியிருந்தார்கள். சத்தம் கேட்டு முதலாளி அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, யாரும் செத்துப் போயிட்டாவளா?"

"ஆமா அண்ணாச்சி, ஏரிக்காரி செத்துட்டா" என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் போய்விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சேர்ந்து திட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த பண்டலை ஒட்டி முடித்து, வரிசையில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அத்தே, அவன் ஒரு தடவ அவளக் குடுத்தான். ஒரு தடவ அழுதான். அவ விட்டுட்டா. அதுக்குப் போயி நீங்கள்லாம் வெளக்குமாறுங்கீய. நாளைக்கு என்னையக் கூப்பிட வாராவ. போன வாரம் இதே எடத்துல இருந்துதான் போ, போன்னு சொன்னீய. நான் மட்டும் வாளக் கீழ போட்டுட்டுப் போகணுமா?"

அவள் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஏதாவது சொல்ல வேண்டியவள் நான்தான். சொன்னேன்.

"அது கதட்டி. கதையும் வாழ்க்கையும் ஒண்ணா?"

"அப்ப எதுக்கு அத்தே இத்தன மாசமா எனக்கு அந்தக் கதையவே சொன்னீய?"

சுற்றியிருந்தவர்கள் அவசரமாக வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரம் முன்புவரை செருப்பும் விளக்குமாறுமாகக் கிழித்த வாய்கள் ஒன்றும் திறக்கவில்லை. முந்தின நாள் டிவியைப் பார்த்து வந்த குமட்டல் இப்போது எங்களைப் பார்த்தே வந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு தீர்மானம் செய்தேன். நாளைக்கு அங்கே நான் வாயைத் திறப்பேன். ஏரிக்காரி கேட்காத அந்த ஒரு வார்த்தையை, எதற்காகப் பெட்டியை அவள் கையில் வைத்தாய் என்று அந்தக் கட்டிங் மாஸ்டரிடம் கேட்பேன். பதில் சொன்னால் பிறகு பேசலாம். பெரிய மனுஷி என்று கூப்பிட்டிருக்கிறார்களே, அதற்காவது கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் இறங்கி அந்தப் பெண்ணின் ஊருக்கு நடந்தேன். முந்தின நாள் ஒரு தூற்றல் போட்டிருந்ததால் கரிசல் செருப்பில் அப்பிக்கொண்டு வந்தது. நான் போகும்போதே மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவன், அவன் அம்மா, தாய்மாமன். பூவும் பழமும் ஒரு பையில் இருந்தது. இப்படிக் கூப்பிட வருகிறவர்கள், பெண்ணை அனுப்புகிறோம் என்று தெரியும்வரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். அனுப்புகிறோம் என்று வாயால் சொல்லவும் வேண்டியதில்லை. அந்தப் பெண்ணே காப்பியைக் கொண்டுவந்து அவர்கள் கையில் கொடுத்துவிட்டால் முடிந்தது, அன்றைக்கே பையைக் கட்டிவிட வேண்டியதுதான். உள்ளே அடுப்பில் பால் காய்கிற வாசம் வந்தது. அவள் கதவுக்குப் பின்னால் நிற்பது நிழலாகத் தெரிந்தது.

தாய்மாமன் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "பெரியவிய நீங்க வந்திருக்கீய. பிள்ளைக்கு நாலு நல்ல வார்த்த சொல்லி அனுப்பி வைங்க. புருசன் பொஞ்சாதிக்குள்ள ஆயிரம் இருக்கும்."

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. அப்போது அவன் அழுதான்.

பொய்யாக அழுதான் என்று எழுதிவிட்டால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். ஆனால் எனக்கு அது நிஜமாகத்தான் தெரிந்தது. தலையைக் குனிந்து, முழங்காலில் கை வைத்து, மூக்கை உறிஞ்சி அழுதான். "புத்தி கெட்டுப் போச்சு அத்தே. இனிமே கை நீட்ட மாட்டேன்" என்றான். நல்ல வாட்டசாட்டமான ஆள். முன் பின் தெரியாத என்னை அத்தை என்று வேறு கூப்பிட்டுவிட்டான். எனக்கு இரக்கம் வந்துவிட்டது. எதிரே அம்மாக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, எப்படியாவது முடித்துவையுங்கள் மதினி என்பதுபோல் என்னையே பார்த்தாள். நான் தீர்மானித்து வந்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. என் வாய் பேசியது.

"சரி, விடுங்க. ஒரு ஆம்பள இத்தன பேர் முன்னால கண்ணுல தண்ணி விடுதான். இதுக்கு மேல என்ன வேணும். ஏட்டி, காப்பியக் கொண்டா."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. வெள்ளிக்கிழமை கைகூப்புப் படம் போட்ட மகராசிக்கு அத்தனை வசவு எழுதியவள் நான். அவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவளாவது ஒரு பொம்மை ராஜாவுக்காக அழுதாள்.

அந்தப் பெண் வெளியே வந்தாள். தட்டு இல்லை. ஒரே ஒரு டம்ளர். அதில் தண்ணீர். நேரே வந்து என் முன்னால் வைத்தாள்.

"குடிங்க அத்தே. அவியளுக்கு நான் கொண்டாரல."

தாய்மாமன் நாற்காலியில் நிமிர்ந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. சேலையை ஒதுக்கி இடது கையை நீட்டிக்கொண்டு புருஷனைக் கேட்டாள்.

"பெட்டிய எதுக்கு எங் கையில வச்சிய?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. கடையில் விலை கேட்பதுபோல் கேட்டாள். அவன் அழுகை நின்றது. அது நின்ற வேகத்தை நான் பார்த்தேன். கன்னம் ஈரமாகவே இருந்தது, கண் மட்டும் மாமனிடம் போயிற்று. மாமன், "என்ன பிள்ள இது, பெரியவிய முன்னால" என்று ஆரம்பித்தார். அவன் அம்மா எழுந்து பழப் பையை எடுத்துக்கொண்டாள். இவள் கையை மடக்காமல் அப்படியே நின்றாள். அவர்கள் வாசலில் இறங்கிச் செருப்பு மாட்டிக்கொண்டு போகும்வரை நின்றாள்.

அம்மாக்காரி ஓவென்று அழுதாள். சின்னவளின் வரன் போயிற்று என்றாள். நான் ஏதோ ஆறுதல் சொல்லப் பார்த்தேன். அந்தப் பெண் உள்ளே போய்க் காய்ந்த பாலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். நான் விடைபெற்றபோது அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை வழக்கம்போல் வேலைக்கு வந்தாள். தன் இடத்தில் உட்கார்ந்து, வழக்கமான வேகத்தில் ஒட்டினாள். முறைக்கவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. அதனால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. எல்லாம் மறந்திருப்பாள், பக்கத்தில் போய் ஒரு வார்த்தை பேசலாம் என்று எழுந்தேன். பதினோரு மணி இருக்கும். அவளே தலையை நிமிர்த்தினாள்.

"சூப்பர்வைசரம்மா, பசை தீந்து போச்சு" என்றாள். அத்தை என்று கூப்பிடவில்லை. சரக்கு ஏற்ற வருகிற லாரிக்காரர்கள் மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிடுவார்கள்.

நான் போய் எடுத்து வந்து கொடுத்தேன்.